எடுத்துக் கொடுத்த பெயர்

என் தங்கை மகள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தகவல் பாதுகாப்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. போன பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதி எடுத்து வந்து பிழை பார்த்துத் தரச் சொன்னாள். என் தமிழுக்காகத்தான் கேட்டாள், என் அறிவுக்காக இல்லை. முதல் பக்கத்திலேயே மூன்று விஷயங்கள் இருந்தன. தகவல் உரியவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் செஞ்சியில் ஒரு மரப்பெட்டியோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டவள். மூன்றிலும் தவறியவளும்கூட.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர், கையெழுத்து அழகு. செஞ்சியில் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில், தொழுநோய்க்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் மருந்து கொடுக்கும் இடம் ஒன்று நடந்தது. அங்கே கார்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அதை யார் நடத்தினார்கள் என்று சொல்லப்போவதில்லை. இதில் யார் பெயரும் வராது, ஊர்ப் பெயர்கூடச் சரியாக வராது. தொழில் பழக்கம், இந்த வயதில் மாற்ற முடியாது.

அந்த நோயை ஊரில் பெருவியாதி என்பார்கள். ஒருவனுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் தட்டு தனியாகும், அப்புறம் பாய் தனியாகும், பிறகு ஆளே தனியாகிவிடுவான். அவன் வீட்டுப் பாலை யாரும் வாங்க மாட்டார்கள். அவன் பெண்ணைக் கட்ட யாரும் வர மாட்டார்கள். சிறு வெள்ளை மாத்திரையை விடாமல் வருஷக்கணக்கில் தின்றால் நோய் அடங்கும், கைகால் மடங்காமல் தப்பிக்கும். ஆனால் அந்த மாத்திரையை வாங்க எங்கள் வாசலுக்கு வருவதைவிட விரல் போனால் போகட்டும் என்று நினைத்தவர்கள் ஏராளம். வந்தவர்களும் சந்தை நாளில்தான் வந்தார்கள். கூடையில் கத்தரிக்காயோ அவரையோ இருக்கும், விற்றது பாதி விற்காதது பாதி. கூட்டத்தோடு கூட்டமாக நழுவிச் சந்துக்குள் வந்துவிடுவார்கள். போர்டில் ‘தோல் நோய் மருத்துவம்’ என்று மட்டுமே எழுதியிருந்தோம். அதற்குமேல் ஒரு எழுத்தும் வேண்டாம் என்று சொன்னவர் டாக்டர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார், அதிகம் பேச மாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் கார்டும் மாத்திரையும் இருக்கும் மரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். கடைத்தெருவில் இருந்ததிலேயே பெரிய பூட்டு. மாத்திரை எடுத்துக்கொடுக்கும் கம்பவுண்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, “இன்னா மா இது, ராஜகிரி கோட்டக் கதவுக்கு வாங்கிட்டியா?” என்று கேலி செய்தார். நான் சட்டை செய்யவில்லை. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோத்துக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன். ஒரு சந்தை நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டு வீட்டில் படுத்துவிட்டேன். வீடு செஞ்சியிலிருந்து நாலு மைல். சாவி என்னோடு படுத்திருந்தது. மறுவாரம் டாக்டர் சொன்னார், “பெட்டி பத்திரமா இருந்திச்சு. மாத்திரையும் பத்திரமா இருந்திச்சு. நாப்பது பேரு சும்மா திரும்பிப் போனாங்க.” அன்றைக்கே இன்னொரு சாவி செய்து கம்பவுண்டரிடம் கொடுத்தேன். அவர் அதற்கும் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை.

கார்டில் தப்பு நேர்ந்தால் பிளேடால் சுரண்டிவிட்டு மேலே எழுதுவேன். அவ்வளவு சுத்தமாக இருக்கும், தப்பு நடந்ததே தெரியாது. அதையும் டாக்டர்தான் பிடித்தார். தெரியாமல் இருப்பதுதான் தப்பு என்றார். இனிமேல் சுரண்டக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடித்தது படிக்கிற மாதிரி இருக்கட்டும், பக்கத்தில் கையெழுத்துப் போடு என்றார். அழகான கார்டுகள் அசிங்கமாகப் போவதில் எனக்கு மெத்த வருத்தம். ஆனாலும் செய்தேன்.

இந்த இரண்டிலும் யாருக்கும் பெரிய கேடு வரவில்லை. மூன்றாவதுதான் என்னை இன்றுவரை விடவில்லை.

முதல் நாள் வரும் ஒவ்வொருவருக்கும் நம்பர் எழுதிய சிறு சீட்டு ஒன்று கொடுப்போம். அதைக் காட்டினால் பெயர் கேட்காமலே கார்டை எடுக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு வீட்டில் கிடந்தால் யார் கண்ணிலாவது படும் என்று பாதிப் பேர் திரும்பும் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீட்டு இல்லாதவர்கள் நோயாளியின் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் ஜன்னலில் சொல்ல வேண்டும். சொன்னால் கார்டை எடுத்துப் பார்த்து இரண்டு வாரத்து மாத்திரை கொடுப்போம். நோயாளி வர முடியாவிட்டால் வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்கள் வந்தவரை இதில் சிக்கலே இல்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கும் காலம், நெல் அறுப்புக் காலம் வந்தால் அவர்கள் வர மாட்டார்கள், பெண்சாதியை அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். இந்துக்களானாலும் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்களானாலும் இதில் ஒரே கட்சிதான். என் அம்மாவே கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது நைனாவின் பெயருள்ள புனிதர் வரும் இடத்தில் மட்டும் இருமிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்ட ஊரில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் என்ன பதில் வரும்?

“அவுரு பேர நான் எப்டி நர்சம்மா சொல்றது?”

நான் நர்ஸ் இல்லை. ஆனால் படித்த பெண் என்றால் ஒன்று டீச்சரம்மா, இல்லாவிட்டால் நர்சம்மா. ஒருத்தி வேல் மாதிரி விரலை நீட்டிக் காட்டுவாள், முருகன் பெயர்களில் எது என்று நான் யோசிக்க வேண்டும். ஒருத்தி பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்வாள், அந்த ஆளோ வேறு ஊர். வரிசை நீண்டுகொண்டே போகும், வெயில் ஏறும், எனக்கோ பொறுமை அளவோடுதான். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கார்டுகளை ஊர்வாரியாக அடுக்கிவைத்திருந்தேன். ஊரைச் சொன்னதும் அந்த ஊர்க் கார்டுகளை உருவி ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். இவரா? தலை இல்லை என்று ஆடும். இவரா? இல்லை. இவரா? முகத்தில் ஒரு வெட்கம் வரும், “ம்” என்று சத்தம் வரும். வேலை முடிந்தது. அவர்கள் மானமும் காப்பாற்றப்பட்டது, என் நேரமும் மிச்சமாயிற்று. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பனமலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எங்களுக்கு நாலு கார்டு இருந்தது. அதில் ஒருவர் சொந்தமாக மல்லாட்டை போடுகிறவர், நாற்பது வயது இருக்கும். உடம்பில் தேமல் மாதிரி மூன்று இடம், இடது கையில் சுண்டுவிரல் பக்கம் லேசாக மரத்துப்போயிருந்தது. விடாமல் மாத்திரை சாப்பிட்டால் கை தப்பிவிடும் என்று டாக்டர் அவரிடம் என் காதுபடச் சொல்லியிருந்தார். அவரும் ஒரு வருஷமாக விடாமல் வந்தார். வர முடியாதபோது அவர் மனைவி வருவாள். நான் வேலைக்கு வருமுன்பே பழகியவள், அவளைக் கம்பவுண்டருக்குத்தான் முகம் தெரியும். என்னைப் பொறுத்தவரை முக்காடு போட்ட பத்துப் பெண்களில் ஒருத்தி.

ஒரு மல்லாட்டைக் காலத்தில், கம்பவுண்டர் உள்ளே ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்த நேரம், ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. வெகு நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள். பெயர் கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் நாலு கார்டையும் உருவினேன். முதல் பெயரைப் படித்தேன், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது அந்த மல்லாட்டைக்காரர். கொஞ்சம் தாமதித்து “ம்” என்றாள். தகப்பன் பெயரையும் நானே சொன்னேன். அதற்கும் ஒரு “ம்.” மாத்திரையைக் கொடுத்துக் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“இப்ப எப்டி இருக்குது அவுருக்கு? டாக்டரு இன்னா சொன்னாரு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எவ்வளவு அக்கறை என்று எனக்கு மனசு இளகிவிட்டது. “மத்ததெல்லாம் பரவால்ல அக்கா. எடது கைதான். சுண்டுவெரலு மரத்துப்போயிருக்குது, அத பாத்துக்கணும். மாத்திரைய நிறுத்தவே கூடாது,” என்றேன். அவள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, மருந்து கொடுக்கும் நாளில், இன்னொரு பெண் வந்து அதே ஊரைச் சொன்னாள். நான் கார்டை உருவுமுன்பே பின்னாலிருந்து கம்பவுண்டர், “வா மா, மல்லாட்ட பிடுங்கி முடிஞ்சிதா?” என்றார். எந்த வீட்டு அம்மா என்று எனக்குத் தாழ்ந்த குரலில் சொல்லவும் செய்தார். கார்டைப் பார்த்தேன். போன தடவைக்கு மாத்திரை வாங்கியதாக என் அழகான கையெழுத்தில் இருந்தது.

“நீங்கதான போன தடவ வந்தீங்க அக்கா?”

“நான் வரவே இல்லியே. பிடுங்கற வேல இருந்திச்சு, அதான் வர முடியல.”

அப்படியானால் வேறு யாரோ வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள் என்றேன். வந்தவள் எப்படி இருந்தாள் என்று அவள் கேட்டாள். இரண்டு மூக்குத்தி, உயரம், சிவந்த நிறம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது. நாலு நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்தவள் மாப்பிள்ளையின் அத்தை.

“ஊருக்குள்ள எவனோ சந்தேகமா எதையோ சொல்லியிருக்கான். நெசமா இன்னான்னு தெரிஞ்சிக்க இங்க வந்திருக்கா. நீ சொல்லிட்ட,” என்றாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிவந்தாள்.

“எனக்குத் தெரியாது அக்கா. அவங்கதான் ஊட்டுக்காரின்னு…”

“அவ சொன்னாளா, ஊட்டுக்காரின்னு?”

சொல்லவில்லை. அந்தப் பெண் ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றுமே சொல்லவில்லை. பெயரும் நான் சொன்னது, தகப்பன் பெயரும் நான் சொன்னது, எந்தக் கை, எந்த விரல் என்பது முதல் எல்லாம் நான் சொன்னது. அவள் இரண்டு முறை தலையை ஆட்டினாள், இரண்டு முறை “ம்” என்றாள், அவ்வளவுதான். கேள்வியையும் கேட்டுப் பதிலையும் நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

“மாத்திரையாவது வாங்கிட்டுப் போங்க அக்கா,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இந்த வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டோம்,” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உட்கார்ந்து அழுதேன். கம்பவுண்டர்கூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

டாக்டரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் கார்டை வாங்கிப் பார்த்தார். அந்த வரியை ஒரு கோடு போட்டு அடிக்கச் சொன்னார். ‘உரியவர் அல்லாத ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. விசாரிக்கத் தவறியது நான்’ என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். சுரண்டிவிட்டால் நன்றாயிருக்கும் என்று அன்றைக்குப் பட்டதுபோல் எனக்கு என்றைக்கும் பட்டதில்லை. எழுதினேன். அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. “அந்த ஆளு கைக்கு இன்னும் டைம் இருக்குது. அதுக்குள்ள வரணும்,” என்று மட்டும் சொன்னார்.

நானே நேரில் போய்க் கூப்பிடுகிறேன் என்றேன். டாக்டர் கூடாது என்றார். அவர் சொன்னது சரி. ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவர் ஒரு வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவர் சைக்கிள் அந்த வாசலில் நின்றாலே போதும், தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். என் முகமும் அப்படித்தான். ஒரு சம்பந்தம் போனதோடு நின்றிருப்பதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டு வருவேன். மருந்து பெட்டியில் இருந்தது, ஆள் ஏழெட்டு மைலில் இருந்தார், இரண்டையும் சேர்த்துவைக்க எனக்கு வழி தெரியவில்லை.

செய்ய முடிந்ததைச் செய்தோம். ஊர்வாரி அடுக்கைக் கலைத்து நம்பர்வாரியாக அடுக்கினேன். எந்த நம்பர் யார் என்பது தனி நோட்டில், அது டாக்டர் மேஜைக்குள் பூட்டில். புருஷன் பெயர் சொல்லச் சொல்லிப் பெண்களை வதைப்பதை விட்டோம். ஒவ்வொரு நோயாளியும் தனக்கென்று ஒரு சொல்லை என்னிடம் சொல்லிவைக்க வேண்டும், மருந்துக்கு யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதிப் பேர் மல்லாட்டை என்றே வைத்தார்கள். மீதிப் பேர் ஜன்னலில் நின்று அதை உரக்கச் சொன்னார்கள், அடுத்த வாரத்துக்குள் எல்லோர் சொல்லும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கிழவர் இரண்டு பேருடைய சொல்லைச் சேர்த்துப் பாட்டு மாதிரி பாடிக் காட்டினார், வரிசையே சிரித்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மல்லாட்டைக்குத் தடை போட்டேன். வரிசையைத் தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வரவைத்தேன்.

அந்த ஊரில் மற்ற மூவரும்கூடப் பயந்து வராமல் நின்றார்கள், அவர்களில் இரண்டு பேர் கொஞ்ச நாளில் தலைகாட்டினார்கள். இன்னொருவர் பாண்டிச்சேரிப் பக்கம் போய் மருந்து வாங்கிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். மல்லாட்டைக்காரர் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மருந்து நாளும் அவர் கார்டை எடுத்து ‘வரவில்லை’ என்று எழுதுவேன். எழுதும்போதெல்லாம் என் இடது கைச் சுண்டுவிரலை நானே கிள்ளிப் பார்த்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஒருநாள் சந்தையில் அவர் மனைவி கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்களிடம் வருகிறவர்களை வெளியே பார்த்தால் நாங்களாக முகம் கொடுக்கக் கூடாது என்பது விதி. பக்கத்துக் கடையில் வெங்காயத்தைப் பொறுக்குவது மாதிரி வெகு நேரம் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டாத வெங்காயம் இரண்டு வீசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு மருந்து நாளில் வரிசையின் கடைசியில் அந்த இரண்டு மூக்குத்தி நின்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அறைந்துவிடலாம் போல் இருந்தது என்று எழுதினால் அது நாகரிகத்துக்குக் குறைத்து எழுதுவதுதான். இந்தத் தடவை யார் குடியைக் கெடுக்க வந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஜன்னலுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே தள்ளி முழங்கைக்கு மேல் காட்டினாள். எட்டணா அகலத்துக்கு வெளுத்த ஓர் இடம்.

“அன்னிக்கு இங்க ஒக்காந்திருந்தப்ப செவுத்துல படம் பாத்தேன். இந்த மாதிரியே போட்டிருந்திச்சு. ஊட்டுக்குப் போயி ஊசியால குத்திப் பாத்தேன், வலிக்கல. அப்பத்துலேந்து தூக்கமே இல்ல,” என்றாள். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. “யாருக்கும் தெரியக்கூடாது தாயே. எங்க ஊட்ல தெரிஞ்சா என்ன வச்சிக்க மாட்டாங்க.”

அவளிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அதை விட்டுவிட்டுப் புதுக் கார்டு எடுத்து எழுதினேன். என் கையெழுத்துக் கோணிக்கொண்டு போன ஒரே கார்டு அதுதான். டாக்டர் பார்த்து, ஆரம்பத்திலேயே வந்துவிட்டாள், குணமாகிவிடும் என்றார். அந்த நல்ல சேதியை அவளிடம் சிரித்தபடி சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சிரிக்காமல் சொன்னேன். அதன்பின் அவள் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தாள்.

இன்னும் மூன்று மாதம் போயிற்று. ஒரு மாலை, மருந்து நாள் முடிந்து கம்பவுண்டரும் போய்விட்டார், நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மல்லாட்டைக்காரர் மனைவி. உள்ளே வரவில்லை, படிக்குக் கீழேயே நின்றாள்.

“ஒன்னு கேப்பேன். உண்மைய சொல்லணும்,” என்றாள்.

“சொல்லுங்க அக்கா.”

“அவ இங்க வராளா? அந்த ரெண்டு மூக்குத்திக்காரி. மூணு தடவ பாத்துட்டேன், நீங்க மருந்து குடுக்கற நாள்ல பஸ்ஸ உட்டு எறங்கி இந்தச் சந்துப் பக்கம் வரா. சந்தைக்கு வரவ கூடை இல்லாம வருவாளா?”

அவள் படிமேல் ஒரு காலை வைத்தாள்.

“அவளுக்கும் அது இருக்குதுன்னா நீ ஒரு வார்த்த சொல்லு போதும். நான் போய் அவங்க ஊட்டு வாசல்ல நின்னு கேக்கறேன். எம் பொண்ண வேணான்னு சொன்னீங்களே, உங்க ஊட்ல இன்னா வாழுதுன்னு கேக்கறேன். எம் பொண்ணு ஏழு மாசமா சரியா சோறு திங்கல நர்சம்மா.”

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நியாயம் அவள் பக்கம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அவள் மகளுக்கு நான் செய்த கெடுதலை ஒரு தலையாட்டலில் பாதியாவது திருப்பிவிடலாம். வாயைக்கூடத் திறக்க வேண்டாம், பேசாமல் கீழே பார்த்தால் போதும், அவள் புரிந்துகொள்வாள். அதனாலேயே அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“இங்க யாரு வராங்க, யாரு வரலன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா.”

“எனக்குச் செஞ்சதுக்கு அப்பறமுமா?”

“உங்களுக்குச் செஞ்சதுனாலதான்.”

“அவளுக்காகப் பேசற.”

“யாருக்காகவும் இல்ல. நாளைக்கு அவங்களே வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். உங்க ஊட்டுக்காரர் இங்க வந்தாரான்னு கலெக்டரு வந்து கேட்டாலும் இதேதான்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கோபம் போகவில்லை, அது முகத்தில் தெரிந்தது. நான் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அவள் திரும்பி நடந்தாள். சந்தின் முனையில் அவள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அவளைத் துரத்திவிட்டேன் என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. நைனா காரணம் கேட்டார், அவரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த மருந்து நாள் காலையில் நான் கதவைத் திறக்குமுன்பே வேப்பமரத்தடியில் ஒரு ஆள் நின்றிருந்தார். தோளில் துண்டு, இடது கை துண்டுக்குள். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி, என்னைப் பார்க்காதது மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஜன்னலுக்கு வந்தார். நான் பேசவில்லை. தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் தாழ்ந்த குரலில் அவரே சொன்னார்.

“போன வாரம் ஊட்டுக்கு வந்து சொன்னா. நீ எதுவும் சொல்லலியாம். அப்ப போலாம், நம்பளப் பத்தியும் சொல்ல மாட்டாங்கன்னா. அதான் வந்தேன்,” என்றார்.

கார்டை எடுத்தேன். ஏழு மாதத்து ‘வரவில்லை’ வரிசையாக இருந்தது. அதன் கீழே ‘வந்தார்’ என்று எழுதினேன். உள்ளே டாக்டர் துண்டை எடுக்கச் சொன்னார். எடுத்தார். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் உள்ளங்கையைப் பார்க்க மடங்கியிருந்தன. மாத்திரையால் மற்ற விரல்களைக் காப்பாற்றலாம், இந்த இரண்டும் இனி நிமிராது என்று டாக்டர் சொன்னார். மல்லாட்டைக்காரர் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி சொன்னார். வலது கையால் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். நான் கார்டில் இடது கை என்ற இடத்தில், இரண்டு விரல் மடங்கியுள்ளது என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.